வெள்ளைக் குச்சிப் பாத்தி

ஜூன் 10

மலைநெல் ஆராய்ச்சியின் போக்கையே நிர்ணயிக்கக்கூடிய முடிவு இன்று காலை பத்தே காலுக்கு எடுக்கப்பட்டது. ஆறாம் பாத்தியின் அடையாளக் குச்சிக்கு வெள்ளை வண்ணம் அடிப்பது என்பதே அது. முனைவர் கலைவாணன் தலைமையில் நான்கு பேர் நாற்பது நிமிடம் விவாதித்தோம். சிவப்பு ஆபத்தைக் குறிக்கும். பச்சை அடித்தால் உரம் இட்டதாக எண்ணுவார்கள். மஞ்சள் ஏற்கெனவே மூன்றாம் பாத்திக்குப் போய்விட்டது. கடைசியில் ஜீப் ஓட்டுநர்தான், எதுவும் போடாத பாத்திக்கு வெள்ளையே போதுமே என்றார். முனைவர் அதை ஏற்றுக்கொண்டு, தம்முடைய யோசனையாகக் குறித்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

திட்ட வரைபடத்தில் பதினெட்டுப் பாத்திகள் இருக்கின்றன. நிலத்தில் ஆறு. கிடைத்த நிலம் அவ்வளவுதான்.

ஜூன் 11

கல்வராயன் மலை, நாரத்தம்பட்டு. முப்பத்திரண்டு வீடுகள். இந்த நெல் பருவம் முழுக்க இங்கேயே தங்கி அளவெடுப்பது என் வேலை. வேறு யாரும் வர விரும்பவில்லை, நான் மறுக்கவில்லை. ஆராய்ச்சி நிலையத்தில் அதை விருப்பம் என்று பதிந்திருக்கிறார்கள். வயலை ஒட்டிய பழைய விதைக்கிடங்கில் ஓர் அறை. விறகடுப்பு. கேஸ் சிலிண்டர் இவ்வளவு தூரம் ஏறாது.

இந்த நோட்டு புதியதல்ல. முதல் பதினொரு பக்கங்களில் வேறு அளவுகள் இருக்கின்றன: காலை, மாலை என்று இரண்டு பத்தி, இருபத்தொரு நாள். கிழித்தால் தாள் வீண். பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

கொண்டுவந்த பொருட்கள்: தராசு, மழைமானி, மண் எடுக்கும் துளைக்கருவி, இரண்டு தட்டு, இரண்டு டம்ளர்.

ஜூன் 14

இரண்டாம் பாத்தியில் நாற்பது கிலோ சுண்ணாம்பு தூவினோம். முதல் பாத்திக்கு வழக்கமான யூரியாவும் பொட்டாஷும் சூப்பர் பாஸ்பேட்டும். மூன்றுக்கு மக்கிய எரு. நான்குக்கு உமியைச் சுட்டெடுத்த கரி. ஐந்துக்குக் கொளுஞ்சித் தழை. ஒவ்வொன்றும் ஐந்து சென்ட்.

நிலம் கோவிந்தியம்மாளுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் கேரளத்தில் மிளகுத் தோட்டத்தில் இருக்கிறார், பொங்கலுக்கு வருவாராம். கோவிந்தியம்மாள் ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, “மண்ணு புளிச்சுப் போச்சு சாரு” என்றார். முனைவரின் பி.எச். கருவி நான்கு புள்ளி எட்டு என்று காட்டியது. இரண்டு பேரும் சொன்னது ஒரே செய்தி. ஒருவருடையது அச்சில் வரும்.

இந்த மண்ணில் விளையும் நெல் அவர் வீட்டுக்கு மாசி வரைக்கும் வருகிறது. அதன் பிறகு அடுத்த அறுவடை வரை கிழங்கும் ரேஷனும்.

வெள்ளைக் குச்சியைப் பார்த்துவிட்டு, ஆறாவதுக்கு என்ன என்று கேட்டார். எதுவும் இல்லை என்றேன்.

“எதுவுமேவா?”

“எதுவுமே.”

“அது என்ன சாரு பண்ணுச்சு?”

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒன்று வேண்டும், அதற்கு யாரும் எதையும் கொடுக்கக் கூடாது என்று விளக்கினேன். ஏழு நிமிடம் ஆயிற்று. அவர் சரி என்றார். விவசாயிக்குப் புரிந்தது என்று படிவத்தில் குறித்தேன்.

ஜூன் 15

முனைவரிடமிருந்து கடிதம். சுண்ணாம்பிட்ட பாத்தி வெள்ளைக் குச்சிப் பாத்தியைவிடக் கால் பங்காவது அதிகம் விளைந்தால், முப்பத்திரண்டு வீடுகளுக்கும் மூன்று வருடத்துக்குச் சுண்ணாம்பும் எருவும் லாரியில் வரும். இந்த விதியை ஊரில் சொல்லக் கூடாது. சொன்னால் விவசாயிகள் முடிவில் குறுக்கிட வாய்ப்பு உண்டு.

சொல்லவில்லை.

ஜூலை 3

விதைப்பு. மழை பதினாறு மில்லிமீட்டர். மண் சரியான பதத்தில் இருந்தது. கோவிந்தியம்மாள் ஆறு பாத்திகளுக்கும் ஒரே கைவீச்சில் விதைத்தார். வெள்ளைக் குச்சியிடம் வந்தபோது மட்டும் ஒரு கணம் நின்றார். விதையும் கிடையாதோ என்று நினைத்தாராம்.

ஜூலை 12

ஆறிலும் முளைப்பு சீராக உள்ளது. சதவீதம் தனித்தாளில்.

காலையில் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு கூடை: ராகி மாவு, நான்கு கத்தரிக்காய், ஒரு கட்டு சுள்ளி. யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டேன். அந்தப் பெண் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று போய்விட்டார். தொட்டியில் தண்ணீர் நிரம்பித்தான் இருந்தது.

ஜூலை 13

கூடையை வாசலிலேயே வைத்தேன். பத்து நிமிடத்தில் காணாமல் போயிற்று. கூடை மட்டும்.

ஜூலை 21

மறுபடி கூடை. அவரை, மொச்சை. ஊர் மூப்பர் வரதனிடம் விசாரித்தேன். அறுபது வயது, நிறையப் பேசுகிறவர். இந்தக் கேள்விக்கு மட்டும், “கீழ மழையெல்லாம் எப்படிங்க சாரு?” என்றார்.

கீழே மழை இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 2

முப்பதாம் நாள் அளவு. சுண்ணாம்புப் பாத்தியில் ஒரு செடியில் கிளைத்த தூர் சராசரி ஏழு. எருவில் ஆறு. கரியிலும் தழையிலும் ஐந்தரை. வெறும் ரசாயனத்தில் ஐந்து. வெள்ளைக் குச்சியில் இரண்டு. அதில் பயிர் மஞ்சளாகவும் கட்டையாகவும் இருக்கிறது. ஆய்வு சரியான திசையில் போகிறது.

களையெடுக்கப் போன பெண்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள்: “ஏன் கோவிந்தி, அஞ்சு புள்ளைக்கு சோறு போட்டுட்டு ஒண்ணுக்கு மட்டும் எலைய காலியா விட்டுருக்கே. நல்லாருக்குதா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். கோவிந்தியம்மாள் குனிந்த தலை நிமிராமல் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

மாலையில் இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தேன்.

ஆகஸ்ட் 5

அடுப்புச் சாம்பலை இதுவரை அறைக்குப் பின்புறம் கொட்டி வந்தேன். அங்கே எறும்புத் தொல்லை. இனிமேல் வெள்ளைக் குச்சிப் பாத்தியின் வரப்பில் கொட்டுவது என்று முடிவு. வரப்பு பாத்தியில் சேராது.

ஆகஸ்ட் 9

சாம்பல் வரப்பில் கொட்டப்பட்டது. காற்று தென்மேற்கிலிருந்து வீசியது. பாத்தி வரப்புக்கு வடகிழக்கில் உள்ளது.

ஆகஸ்ட் 16

சாம்பல். இன்று காற்று இல்லை.

ஆகஸ்ட் 18

வெள்ளைக் குச்சிப் பாத்தியில் ஆட்டுப் புழுக்கை. ஆடு வழி தவறி வந்திருக்கலாம் என்று குறித்தேன். ஆனால் ஒரு பயிரும் கடிபடவில்லை. புழுக்கை மூலைக்கு மூலை சீராகப் பரவியிருக்கிறது. ஒழுங்கான ஆடு.

கோவிந்தியம்மாளின் கையைக் கவனித்தேன். எருவோ சாம்பலோ ஒட்டியிருக்கவில்லை. கழுவியிருக்கலாம்.

ஆகஸ்ட் 23

மீந்த சோறு, கத்தரித் தோல், டீத்தூள். இரண்டு பேருக்குச் சமைக்கிற கை. அளவு குறைய மாட்டேன் என்கிறது. மீந்ததை எங்காவது போட்டாக வேண்டும்.

ஆகஸ்ட் 30

புழுக்கை. எள்ளுப் பிண்ணாக்கு. மாட்டுச் சாணம், காய்ந்தது. குப்பைமேனித் தழை, வேரோடு மண்ணில் மிதித்தது. இவற்றில் எதுவும் என்னுடையது அல்ல.

பதிவேட்டில் ‘காரணம்’ என்றொரு கட்டம் இருக்கிறது. ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். தெரியவில்லை என்பதற்குப் பதிவேட்டில் தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 5

முனைவர் கலைவாணன் வந்தார். வெள்ளைக் குச்சிப் பாத்தி பச்சை கட்டியிருக்கிறது. தூர் சராசரி ஏழு. வரப்பைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பக்கத்துப் பாத்திகளிலிருந்து ஊட்டம் கசிந்திருக்கலாம் என்றார். ஆறாம் பாத்தி மற்ற ஐந்தையும்விட மேட்டில் இருப்பதைச் சுட்டிக்காட்டினேன். சற்று நேரம் யோசித்தார். ஊட்டம் மேல்நோக்கிக் கசிவதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம் என்றார்.

எங்களிடமிருந்து பத்தடி தள்ளிக் கோவிந்தியம்மாள் நின்றிருந்தார். முனைவர், அம்மா, இதில் ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். இல்லீங்க என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 6

சாம்பல்.

செப்டம்பர் 28

தண்டு உருண்டு கதிர் பொதி கட்டுகிறது. பன்றி வராமல் இருக்கத் தகர டப்பா கட்டினோம். வாசலில் கூடை: பலாக்கொட்டை. மழை நாற்பத்தொரு மில்லிமீட்டர். வேட்டி இரண்டும் காயவில்லை.

அக்டோபர் 19

ஓசூரிலிருந்து மகள் நிர்மலா பேசினாள். பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் வருகிறது. தீபாவளிக்கு வரச் சொன்னாள். பூக்கிற நேரம், விட்டுவிட்டு வர முடியாது என்றேன்.

“சாப்பிடறீங்களாப்பா?”

சாப்பிடுகிறேன் என்றேன். உண்மைதான்.

“அந்த நோட்ட இன்னும் வெச்சிருக்கீங்களா?”

தாள் மிச்சம் இருக்கிறது என்றேன். பிறகு, எழுதிக் கொடுத்த அன்றைக்கே அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தால் என்று தொடங்கினாள். சிக்னல் போய்விட்டதாகக் குறித்துக்கொள்கிறேன்.

பாறையிலிருந்து இறங்கும்போது பார்த்தேன். சிக்னல் நான்கு கோடு இருந்தது.

நவம்பர் 27

அறுவடை. பாத்தி பாத்தியாக அறுத்து, தனித்தனியாக அடித்து, தூற்றி, காயவைத்து நிறுத்தோம். மூன்று நாள் வேலை இன்றோடு முடிந்தது.

ரசாயன உரம் முப்பத்தொரு கிலோ. தழை முப்பத்தாறு. கரி முப்பத்தெட்டு. எரு நாற்பது. சுண்ணாம்பு நாற்பத்தாறு. வெள்ளைக் குச்சி ஐம்பத்திரண்டு.

தராசை இரண்டு முறை சரிபார்த்தேன். தராசில் பிழை இல்லை.

கடைசி எடை வந்தபோது களத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரியான திருப்தி. பந்தி முடிந்து எழுந்தவர்கள் முகத்தில் இருப்பது போல. கோவிந்தியம்மாள் மட்டும் சுண்ணாம்புப் பாத்தி நெல்லில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தார். இந்த மண்ணில் ஐந்து சென்டில் நாற்பத்தாறு கிலோவை அவர் பார்த்ததில்லை. சாதாரணமாக இருபது.

நவம்பர் 30

முனைவர் மகிழ்ச்சியில் இருக்கிறார். பெங்களூரில் நடக்கிற கருத்தரங்குக்குக் கட்டுரை தயாராகிறது: மலை மண்ணின் சுயவளம். முடிவுரையை என்னிடம் வாசித்துக் காட்டினார். மலைநெல்லுக்கு எந்த இடுபொருளும் தேவையில்லை. மண்ணை அதன் போக்கில் விட்டுவிடுவதே சிறந்த பராமரிப்பு.

அறிக்கையில் களப்பணியாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பத்தாம் தேதிக்குள்.

டிசம்பர் 1

இன்று குறிப்பிடும்படி எதுவும் இல்லை. சட்டைப் பொத்தான் தைத்தேன்.

டிசம்பர் 4

காலையில் மூப்பரிடம் ஊரைக் கூட்டச் சொன்னேன். பெருமாள் கோயில் பலாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கால் பங்கு விதியைச் சொன்னேன். ஜூன் மாதமே சொல்லியிருக்க வேண்டிய விதி. வெள்ளைக் குச்சிப் பாத்தி தோற்றால்தான் சுண்ணாம்பு வரும், அது ஜெயித்துவிட்டது, அதனால் எதுவும் வராது என்றேன். இந்த முறை விளக்கம் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

ஒரு கோழி கூட்டத்தின் நடுவே நடந்து போயிற்று. பிறகு மூப்பர் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“கூடை வெச்சவன் சொல்லக் கூடாது சாரு. வாங்கினவன் கேக்கவும் கூடாது. எங்கூரு மொற அது. நொடிச்ச வீட்டுக்கு ஆளு இல்லாத நேரமா பாத்து வெச்சுட்டு வந்துரணும். யாரு வெச்சான்னு தெரிஞ்சா வாங்கினவன் தல குனியணும் பாருங்க.” மடியிலிருந்த துண்டை நீவினார். “நான் நாலு கூடை. புழுக்கை.”

அவர் பக்கத்தில் இருந்தவர் அவரை முறைத்துப் பார்த்தார். “நீயுமா மாமா?”

“ஏன், நீ?”

“ரெண்டு. பிண்ணாக்கு.”

அதன் பிறகு வரிசையாக வந்தது. ஆளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று. அன்றைக்கு வரப்பில் நின்று கேலி பேசிய பெண், சாணம் இரண்டு கூடை. ஒவ்வொருவரும் தான் மட்டுமே வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பட்டினி கிடக்கிற பாத்தியை ஊர் முழுக்கச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஊட்டியிருக்கிறது. எழுதிக் கூட்டினேன். அறுபத்து மூன்று கூடை. முப்பத்திரண்டில் இருபத்தொன்பது வீடு. விடுபட்ட மூன்றில் இரண்டு வீடு பூட்டிக் கிடப்பவை.

மூன்றாவது வீடு கோவிந்தியம்மாளுடையது.

அவருடைய கணக்கு என்ன என்று கேட்டேன்.

“நான் வெக்கல சாரு.”

சொந்த நிலத்துக்குத் தானே கூடை வைக்கக் கூடாது என்றும் ஒரு முறை இருக்கிறதா என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்ல. எதுவும் போடக் கூடாதுன்னு சொன்னீங்க. நான் சரின்னு சொன்னேன்.”

கூட்டம் கலைந்தது.

டிசம்பர் 5

கோவிந்தியம்மாள் அறைக்கு வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார். ஊரார் வைத்ததையெல்லாம் பார்த்ததாகச் சொன்னார். கூடையைப் பற்றி வாய் திறக்க முடியாது என்பதால் பேசாமல் இருந்தாராம். களையெடுக்கும்போது மேலாக இருந்ததை முடிந்தவரை வாரி வெளியே போட்டாராம். மழை மிச்சத்தை உள்ளே இறக்கிவிட்டது.

“நீங்க சாம்பல் கொட்டுறதயும் பாத்தேன் சாரு.”

அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

“ஆபீசு ஆளே கொட்டுறாரு, அது கணக்குல சேராதாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். இல்லன்னா அன்னிக்கே பெரியவருகிட்ட சொல்லியிருப்பேன்.”

சொல்லியிருக்கலாம் என்றேன். அவர் அறைக்குள் ஒரு முறை பார்த்தார்.

என் வாசலுக்கு எதற்காகக் கூடை வந்தது என்று கேட்டேன். வாங்கினவன் கேட்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது, ஆனால் கேட்டுவிட்டேன்.

“நீங்க வந்த மறுநாளே ஊருக்குத் தெரியும் சாரு. தெனமும் ரெண்டு டம்ளரு கழுவிக் கவுக்குறீங்க. ஆளு ஒருத்தருதான் இருக்கீங்க.” பிறகு, “எத்தன மாசமாச்சு?” என்று கேட்டார்.

பத்து என்றேன்.

“ஒரு வருசம் வரைக்கும் வரும். அப்புறம் வெக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகப் பேசியிருந்தால் குறித்துக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

டிசம்பர் 6

நோட்டின் முன்பக்கங்களைப் பார்த்தேன். பக்கம் ஒன்பது. பதினேழாம் நாள், மாலை, காய்ச்சல் 103.2. அன்றுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்னும் நான்கு நாள் பார்க்கலாம் என்றேன். நான்கு நாளும் பார்த்தேன். காலையும் மாலையும். படுக்கையிலிருந்து கோமளா ஒரு முறை, எழுதினது போதும், இங்கே வந்து உட்காருங்கள் என்றாள். நேரம் ஆறே காலாகியிருந்தது. ஆறு மணி அளவு தவறிவிடும் என்று முதலில் அதை எடுத்தேன்.

இருபத்தொரு நாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. அளவுகள் எல்லாம் சரியானவை.

டிசம்பர் 8

நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். நகல்:

“ஆறாம் பாத்தியில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சாம்பல், ஆட்டுப் புழுக்கை, சாணம், பிண்ணாக்கு, தழை ஆகியவற்றைச் சுமார் எழுபது கூடை இட்டது களப்பணியாளராகிய நான். நில உரிமையாளர் கோவிந்தியம்மாள் விதிமுறைகளை முழுமையாகக் கடைப்பிடித்தார். ஊரார் எவருக்கும் இதில் தொடர்பில்லை. ஆறாம் பாத்தியின் விளைச்சலை நீக்கிவிட்டு, இந்த நிலத்தின் சாதாரண விளைச்சலான இருபது கிலோவோடு சுண்ணாம்புப் பாத்தியை ஒப்பிடக் கோருகிறேன். ஆதிமூலம், களப்பணியாளர்.”

என் சாம்பல் ஏழு கூடை இருக்கும். மற்றவற்றைப் பற்றிப் பேசக் கூடாது என்பது ஊர் முறை.

கடிதத்தைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க மூப்பர் வந்தார். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். எழுபது கூடையைத் தனியாளாகச் சுமக்கிற தோளா இது என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, உறையை ஒட்டினார்.

டிசம்பர் 19

முனைவர் போனில் பேசினார். குரலில் வருத்தம் இருந்தது. சாம்பல் மாதிரியான சின்னச் சின்ன விஷயங்கள் எந்த ஆய்விலும் நடக்கத்தான் செய்யும், அதையெல்லாம் எழுத்தில் கொண்டுவரலாமா என்றார். கட்டுரைச் சுருக்கம் அச்சுக்குப் போய்விட்டதாம். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள இன்னும் இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது என்றார்.

பார்க்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. இல்லை சார் என்றேன்.

ஜனவரி 8

மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். கடிதத்தில் எழுதியதே விளக்கம் என்று எழுதினேன். மழை இல்லை.

ஜனவரி 16

பொங்கலுக்குக் கோவிந்தியம்மாளின் கணவர் வந்திருந்தார். சுண்ணாம்புப் பாத்தி நெல்லில் பொங்கல் வைத்ததாக எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. இது கூடையில் வரவில்லை. கையிலேயே கொடுத்தார்கள். சுண்ணாம்பு எப்போது வரும் என்று கணவர் கேட்டார். முடிவு இன்னும் வரவில்லை என்றேன்.

ஜனவரி 30

முடிவு வந்தது. நாரத்தம்பட்டு ஆய்வு செல்லாது என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. இருபது கிலோவோடு ஒப்பிடும் கோரிக்கை, அந்த இருபது கிலோ தராசில் நிறுக்கப்படாமல் வாய்மொழியாகப் பெறப்பட்டது என்ற காரணத்தால் ஏற்கப்படவில்லை. அதே நிலத்தில் வரும் பருவம் முதலிலிருந்து செய்ய வேண்டும், ஆறாம் பாத்திக்குத் தகுந்த பாதுகாப்போடு. சுண்ணாம்பு வழங்குவது அதன் பிறகு பரிசீலிக்கப்படும். ஒழுங்கு நடவடிக்கையாக நான் இன்னும் ஓராண்டு இந்த மலையிலேயே பணிபுரிய வேண்டும்.

கோவிந்தியம்மாளிடம் நானே போய்ச் சொன்னேன். முறத்தில் நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“இன்னொரு வருசமா?”

ஆமாம் என்றேன்.

“அந்தப் பாத்திக்கு மறுபடியும் ஒண்ணும் கெடையாதா?”

கிடையாது என்றேன்.

அவர் சரி என்றார்.

பிப்ரவரி 19

நிர்மலா வீட்டில் முதல் வருடத் திதி. போய்விட்டு மூன்றாம் நாள் மலையேறினேன். வாசலில் கூடை இல்லை.

பிப்ரவரி 20

ஒரு டம்ளரை விதைப்பெட்டியில் அளவுக்கு வைத்துக்கொண்டேன். இருநூறு கிராம் நெல் பிடிக்கிறது.

மார்ச் 24

கோவிந்தியம்மாள் வீட்டு நெல் இந்த முறை பங்குனி பத்தாம் தேதி வரை வந்தது. போன வருடத்தைவிட முப்பத்தைந்து நாள் கூடுதல். பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

மே 17

கோடை மழை இருபத்திரண்டு மில்லிமீட்டர். முதல் உழவு. குச்சிகளுக்கு மறுபடி வண்ணம் அடித்தேன். நிறத்தைப் பற்றி இந்த முறை விவாதம் நடக்கவில்லை.

ஜூன் 2

மண் பரிசோதனை. ஆறாம் பாத்தியில் பி.எச். ஐந்து புள்ளி ஆறு. மற்ற பாத்திகளைவிட நல்ல மண்ணாக இருப்பதால் இது ஒப்பீட்டுக்குத் தகுதியற்றது என்று முனைவர் முடிவு செய்தார். வெள்ளைக் குச்சி, கோவிந்தியம்மாளின் நிலத்திலேயே கீழ்க்கோடியில் இருக்கிற, இதுவரை யாரும் எதுவும் போடாத ஐந்து சென்டுக்கு மாற்றப்பட்டது.

மூப்பர் வந்து புதிய இடத்தைப் பார்த்தார். மண்ணைக் காலால் கிளறினார். “இது அதவிட மோசமா இருக்குதே சாரு” என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

ஜூன் 9

லாரி வந்தது. கல்தூண் பதினாறு, முள்கம்பி முந்நூறு மீட்டர், இரும்புக் கதவு ஒன்று, பூட்டு ஒன்று. ஆய்வுக்கான சுண்ணாம்பு நாற்பது கிலோ. ஊருக்கு எதுவும் இல்லை. வெள்ளைக் குச்சிப் பாத்தியைச் சுற்றி ஐந்து வரிசைக் கம்பி கட்டினோம். மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்தது. சாவி என்னிடம் இருக்கிறது.